மணி அடித்தால் எடுப்பவர் யார்?

உங்கள் வீட்டில் இன்னும் வீட்டுத் தொலைபேசி இருக்கிறதா? இருந்தால், கடைசியாக அது எப்போது மணி அடித்தது? பல வீடுகளில் அந்தக் கருவி இணைய இணைப்போடு ஒட்டிக்கொண்டு வந்த பொருளாக, தொலைக்காட்சி மேசையின் ஓரத்தில் தூசி படிந்து கிடக்கிறது. இன்னும் பல வீடுகளில் அதுவும் இல்லை. ஆளுக்கொரு கைத்தொலைபேசி இருக்கும்போது அதற்கு வேறு மாதக் கட்டணம் எதற்கு என்று வெட்டிவிட்டார்கள்.

அது போனதில் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் தேர்தல் நெருங்கும்போது நாளிதழ்களில் வருமே, "பிரதமரின் செயல்பாட்டில் இத்தனை விழுக்காட்டினர் திருப்தி", "விலைவாசியே மக்களின் தலையாய கவலை" என்றெல்லாம், அந்த எண்களில் பெரும்பகுதி யாரோ ஒருவர் தொலைபேசியில் கேட்டு வாங்கிய பதில்கள். மக்கள் ஒரு கருவியைக் கைவிட்டு இன்னொன்றுக்கு மாறும்போது அந்த எண்களுக்கு என்ன ஆகிறது? இதை மிக அதிகமாக ஆராய்ந்து எழுதி வைத்திருப்பவர்கள் அமெரிக்கர்கள். எனவே முதலில் அங்கே போய்விட்டு, பிறகு நம் ஊருக்கு வருவோம்.

கருத்துக்கணிப்பு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் தொடங்கும் கதை 1936ஆம் ஆண்டினுடையது. 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற அமெரிக்க வார இதழ், தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் உரிமையாளர் பட்டியலிலிருந்தும் பெயர்களைத் திரட்டி, ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லேண்டன் 57 விழுக்காடு பெற்று அதிபராவார் என்று இதழ் அறிவித்தது. நடந்தது வேறு. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 60 விழுக்காட்டுக்கும் மேல் வாங்கி, 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். மிகக் குறைவான பேரைக் கேட்ட ஜார்ஜ் கேலப் சரியாகச் சொல்லியிருந்தார். பொருளாதார மந்தக் காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள், அவர்களை மட்டும் கேட்டதால் வந்த வினை இது என்று பாடநூல்கள் சொல்கின்றன.

கதை அதோடு முடியவில்லை. 1988இல் பெவரில் ஸ்குவையர் என்ற அரசியல் ஆய்வாளர், 1937இல் கேலப் திரட்டிய தரவுகளை மீண்டும் எடுத்து அலசினார். சீட்டு கிடைத்த எல்லாருமே அதைத் திருப்பி அனுப்பியிருந்தால், அந்தக் கோணலான பட்டியலை வைத்துக்கொண்டே ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று இதழ் சொல்லியிருக்கும் என்பது அவர் கண்டது. பட்டியலில் யார் இருந்தார்கள் என்பதைப் போலவே, சீட்டு கையில் வந்தும் பதில் போடாதவர்கள் யார் என்பதும் கணிப்பைக் கவிழ்த்திருக்கிறது. லேண்டனை விரும்பியவர்கள் ஆவலோடு தபாலில் சேர்த்தார்கள். மற்றவர்கள் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. பட்டியலில் இல்லாதவர், பட்டியலில் இருந்தும் வாய் திறக்காதவர் என்ற இந்த இரண்டு வகையையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசி எல்லார் வீட்டுக்கும் வந்த பிறகு முதல் சிக்கல் மறைந்துவிட்டதுபோல இருந்தது. 1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அமெரிக்க வீடுகளில் 93 விழுக்காட்டில் தொலைபேசி இருந்தது. புத்தகத்தில் எண்ணை வெளியிட விரும்பாதவர்களைப் பிடிக்கவும் வழி கண்டுபிடித்தார்கள். புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, எண்களையே குலுக்கல் முறையில் உருவாக்கி அழைப்பது. வாரன் மிட்டோஃப்ஸ்கி, ஜோசஃப் வாக்ஸ்பெர்க் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1970களில் இதற்கு ஒழுங்கான முறை வகுத்தார்கள். அழைப்பை எடுத்தவரையே கேட்டால் எப்போதும் வீட்டில் இருப்பவர்களின் பதில்தான் கிடைக்கும் என்பதால், "உங்கள் வீட்டில் பெரியவர்களில் யாருக்குக் கடைசியாகப் பிறந்தநாள் வந்தது? அவரிடம் பேசலாமா?" என்று கேட்பார்கள். வேடிக்கையான கேள்விதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே நடத்தும் சின்னக் குலுக்கல் அது. கருத்துக்கணிப்புத் தொழிலுக்கு அது பொற்காலம்.

கைத்தொலைபேசி வந்து அந்த ஏற்பாட்டைக் கலைத்தது. எவ்வளவு வேகமாகக் கலைத்தது என்பது நமக்குத் தெரிவதற்குக் காரணம் தொலைபேசியில் நடக்காத ஓர் ஆய்வு. அமெரிக்க அரசின் தேசிய உடல்நல நேர்காணல் ஆய்வுக்காரர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறவர்கள். இந்த வீட்டில் என்ன தொலைபேசி இருக்கிறது என்றும் அவர்கள் கேட்டு வைத்தார்கள். 2003இல் கைத்தொலைபேசி மட்டும் வைத்திருந்த வீடுகள் ஏறக்குறைய 3 விழுக்காடு. 2008 முடியும்போது 20 விழுக்காடு. 2016இன் பிற்பாதியில் 50.8 விழுக்காடு. பதின்மூன்று ஆண்டுகளில் பாதி நாடு பழைய பட்டியலிலிருந்து கழன்றுவிட்டது.

எல்லா வயதினரும் ஒரே அளவில் கழன்றிருந்தால் கவலை இல்லை. 2016இல் 25 முதல் 29 வயதுக்காரர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் கைத்தொலைபேசி மட்டுமே வைத்திருந்தார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான். வாடகை வீட்டுக்காரர்களும், உறவினர் அல்லாதவர்களோடு சேர்ந்து தங்கியிருப்பவர்களும் முதலில் போனார்கள். வீட்டுத் தொலைபேசியை மட்டும் நம்பி அழைத்தவருக்கு, சொந்த வீடும் நரைத்த தலையுமாகத்தான் பதில் வந்துகொண்டிருந்தது.

இதற்கு ஆய்வாளர்களிடம் ஒரு மருந்து உண்டு. அதன் பெயர் எடை போடுதல். நாட்டில் இளைஞர்கள் நூற்றுக்கு 20 பேர், நம் கணிப்பில் 10 பேர்தான் கிடைத்தார்கள் என்றால், அந்தப் பத்துப் பேரின் பதிலையும் இரண்டாக எண்ணிக்கொள்வது. 2004 அதிபர் தேர்தலில் இது வேலை செய்தது. அப்போது வாக்களித்தவர்களில் கைத்தொலைபேசி மட்டும் உடையவர்கள் ஏறக்குறைய 7 விழுக்காடு. அவர்களை விட்டுவிட்டாலும், வீட்டில் அகப்பட்ட இளைஞர்களுக்குக் கூடுதல் எடை போட்டுக் கணக்கை நேர் செய்ய முடிந்தது.

பிறகு மருந்து பலிக்காமல் போனது. ஏன் என்று பார்ப்போம். 24 வயதில் இரண்டு பேர். ஒருவர் பெற்றோரோடு இருக்கிறார், அந்த வீட்டில் தொலைபேசி இருக்கிறது. இன்னொருவர் மூன்று நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறார், கைத்தொலைபேசி மட்டும்தான். வயது ஒன்று. ஆனால் வருமானம், மருத்துவக் காப்புறுதி, இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார், யாருக்கு வாக்களிக்கிறார் எல்லாம் வேறு. முதல் இளைஞரின் பதிலை இரண்டாக எண்ணினால் இரண்டாமவரின் கருத்து வந்துவிடாது. முதலாமவரே இருமுறை பேசினதாக ஆகும். விடுபட்டவர்கள் கிடைத்தவர்களைப் போலவே இருந்தால் மட்டும் எடை போடுதல் உதவும்.

2010 நாடாளுமன்றத் தேர்தலில் இது எண்ணாகவே தெரிந்தது. பியூ ஆய்வு மையம் தன் கடைசிக் கணிப்பை இரண்டு விதமாகக் கணக்கிட்டுப் பார்த்தது. வீட்டுத் தொலைபேசிப் பதில்களை மட்டும் எடுத்தால் குடியரசுக் கட்சி 12 புள்ளி முன்னிலை. கைத்தொலைபேசியையும் சேர்த்தால் 6 புள்ளி. உண்மை முடிவு ஏழு புள்ளிக்குச் சற்றுக் குறைவு. கேள்விகளும் நாட்களும் ஒன்றாக இருக்க, கருவி மட்டும் மாறியதில் முன்னிலை பாதியாகிவிட்டது.

தேர்தலாவது பரவாயில்லை, முடிவு வந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். உடல்நலக் கணக்குகளில் அந்தத் தேர்வு நாள் வருவதே இல்லை. கைத்தொலைபேசி மட்டும் வைத்திருந்தவர்களிடையே புகைபிடிப்பவர்களும் அளவுக்கு மீறிக் குடிப்பவர்களும் மருத்துவக் காப்புறுதி இல்லாதவர்களும் அதிகம் என்று அதே கதவு தட்டும் ஆய்வு காட்டியது. அப்படியானால் வீட்டுத் தொலைபேசியில் கேட்டு அளந்த நாடு, இருப்பதைவிட ஆரோக்கியமாகத் தெரிந்திருக்கிறது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1984 முதல் மாநிலவாரியாகத் தொலைபேசியில் நடத்திவரும் பெரிய உடல்நல ஆய்வு ஒன்று உண்டு. 2011இல் அதில் கைத்தொலைபேசி எண்களைச் சேர்த்து, எடை போடும் முறையையும் மாற்றினார்கள். மாற்றியதோடு, இந்த ஆண்டு எண்களை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டாம் என்று மையமே எச்சரிக்க வேண்டியிருந்தது. ஒரு மாநிலத்தில் புகைபிடிப்போர் கூடிவிட்டார்களா, இல்லை இத்தனை நாள் கண்ணில் படாதவர்கள் இப்போது பட்டார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை.

சரி, கைத்தொலைபேசியையே அழைத்துவிட வேண்டியதுதானே? செலவு. அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உடையவரின் சம்மதம் இல்லாமல் தானியங்கிக் கருவியால் கைத்தொலைபேசியை அழைப்பதைத் தடுக்கிறது. ஆள் உட்கார்ந்து விரலால் எண்ணை அழுத்த வேண்டும். எடுப்பவர் சிறுவனாக இருக்கலாம், கார் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் "பேசுவதற்குப் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. நிமிடக் கணக்கில் கட்டணம் இருந்த காலத்தில், பதில் சொன்னவருக்குச் சில டாலர் ஈட்டுத்தொகை தந்த ஆய்வுகளும் உண்டு. ஆனாலும் கையைப் பிடிக்கும் செலவைத் தாங்கிக்கொண்டு, தரமான நிறுவனங்கள் கைத்தொலைபேசிக்கு மாறின. பட்டியலில் இல்லாதவர் என்ற முதல் சிக்கல் அதோடு பெரும்பாலும் தீர்ந்தது.

இரண்டாவது சிக்கல் அப்போதுதான் முழுதாக முகம் காட்டியது. கைத்தொலைபேசியின் திரையில் எண் தெரிகிறது. தெரியாத எண் என்றால் விட்டுவிடலாம். பியூ மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளில் 1997இல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள். 2012இல் 9 பேர். 2018இல் 6 பேர். மீதி 94 பேரின் கருத்தை அந்த ஆறு பேர் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்த ஆறு பேர் யார் என்பதற்கு 2012இல் ஒரு நல்ல தடயம் கிடைத்தது. கடந்த ஓராண்டில் ஏதாவது ஓர் அமைப்புக்குத் தொண்டூழியம் செய்தீர்களா என்று கேட்டதற்குத் தொலைபேசியில் பேசியவர்களில் 55 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அரசின் பெரிய வீட்டு ஆய்வில் அது 27 விழுக்காடுதான். யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்தான், முன்பின் தெரியாத குரல் "பத்து நிமிடம் பேசலாமா?" என்று கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்வார். அதற்காகத் தொலைபேசிக் கணிப்பு எல்லாமே குப்பை என்று சொல்லிவிட முடியாது. எந்தக் கட்சிச் சார்பு, குடும்ப நிலை போன்றவற்றில் அதே ஆய்வின் எண்கள் அரசு எண்களையோ மற்ற அளவீடுகளையோ ஒட்டியே வந்தன. ஆனால் மக்கள் எவ்வளவு பொதுநலத்தோடு இருக்கிறார்கள் என்பதை மட்டும் தொலைபேசியில் கேட்டு நம்பிவிடக் கூடாது.

இப்போது பியூ மையமே தன் அமெரிக்கக் கணிப்புகளுக்குப் பெரும்பாலும் தொலைபேசியை விட்டுவிட்டது. வீட்டு முகவரிகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, தபாலில் கடிதம் அனுப்பி, ஒரு நிரந்தரக் குழுவுக்கு ஆள் சேர்த்து, அவர்களிடம் இணையத்தில் கேட்கிறது. 1936இல் தபாலை நம்பிய தொழில் மறுபடியும் தபாலுக்கே வந்திருக்கிறது, இந்த முறை கார் பட்டியல் இல்லாமல்.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சில சிக்கல்கள் இன்னும் கூடுதல். வீட்டுத் தொலைபேசி எண் தன் ஊரைச் சொல்லும். 04 என்றால் பினாங்கு, கெடா, பெர்லிஸ். 05 என்றால் பேராக். 07 என்றால் ஜொகூர். 012உம் 016உம் எதையும் சொல்வதில்லை. சுங்கை சிப்புட்டில் வாக்காளராகப் பதிந்து, கிள்ளானில் வேலை பார்த்து, ஜொகூரில் வாங்கிய சிம் அட்டையோடு இருப்பவரை எந்த மாநிலக் கணக்கில் சேர்ப்பது? ஒரு மாநிலத் தேர்தலுக்குக் கணிப்பு நடத்துபவர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, ஒவ்வொருவரையும் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். கைத்தொலைபேசிச் சந்தாக்கள் நம் மக்கள்தொகையைவிட அதிகம். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு சிம் வைத்திருப்பவர் குலுக்கலில் இரண்டு முறை இருக்கிறார். குலுக்கல் எண்ணை அழைத்தால் எடுப்பவர் நேப்பாளத்துத் தொழிலாளராகவும் இருக்கலாம், அவருக்கு இங்கே வாக்கே இல்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே மோசடிக் கும்பல்கள். வங்கியிலிருந்து பேசுகிறேன், போலீஸிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி ஓய்வூதியப் பணத்தை வழித்துக்கொண்டு போன கதைகளை இதே பக்கங்களில் படித்திருக்கிறோம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் சொந்த விவரம் எதையும் சொல்லாதீர்கள் என்று காவல் துறை ஓயாமல் சொல்கிறது. 2022இல் தேசிய மோசடி எதிர்ப்பு மையம் தொடங்கி 997 என்ற எண்ணும் தந்திருக்கிறார்கள். நல்ல அறிவுரை, பின்பற்ற வேண்டியதுதான். ஆனால் கணிப்புக்காக அழைக்கும் இளம்பெண் கேட்பதும் வயது, இனம், வருமானம், வசிக்கும் இடம். "அண்ணே, ஒரு பத்து நிமிசம்..." என்று அவர் தொடங்குவதற்குள் "வேலையா இருக்கேன்மா" என்று வைத்துவிடுகிறோம். எச்சரிக்கையாக இருப்பவர்கள் எல்லாம் கணிப்பிலிருந்து தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள்.

இதில் நம் சமூகத்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் இழப்பு என்பது என் கருத்து. இந்தியர்கள் நாட்டு மக்களில் ஏறக்குறைய 7 விழுக்காடு. ஆயிரம் பேரைக் கேட்கும் கணிப்பில் நம்மவர்கள் 70 பேர். ஆயிரம் பேருக்குப் பிழை வரம்பு மூன்று விழுக்காட்டுப் புள்ளி. எழுபது பேருக்கு அது பன்னிரண்டு. "இந்தியர்களில் பாதிப்பேர் ஆதரவு" என்று அதில் வந்தால், உண்மை 38ஆகவும் இருக்கலாம், 62ஆகவும் இருக்கலாம். எல்லாரும் தவறாமல் பதில் சொல்லி, குலுக்கலும் சரியாக நடந்தால் இருக்கும் நிலை இது.

நடப்பில் அந்த 70 பேரில் யார் கிடைப்பார்கள்? அலுவலகத்தில் இருக்கும் ஆசிரியரும் ஓய்வுபெற்ற அரசு ஊழியரும் கிடைப்பார்கள். விடியற்காலையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவரும், இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் பாதுகாவலரும், நெடுஞ்சாலையில் லோரி ஓட்டுகிறவரும் அவ்வளவு எளிதில் கிடைக்க மாட்டார்கள். இளைஞர்கள் நான்கைந்து பேர்தான் அகப்பட்டார்கள் என்றால், அந்த நான்கைந்து பேருக்கு எடை கூட்டுவார்கள். 2016இல் அமெரிக்காவில் ஓர் இணையக் கணிப்பில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்தது. அதில் இலினாய் மாநிலத்தின் 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவரின் பதிலுக்குச் சராசரியைப்போல் 30 மடங்கு எடை. அவர் டிரம்பை ஆதரித்தார். அவர் பதில் சொன்ன வாரங்களில் கறுப்பின மக்களிடையே டிரம்பின் ஆதரவு ஏறியதாகவும், பதில் சொல்லாத வாரங்களில் இறங்கியதாகவும் கணிப்பு காட்டியது. எண்ணிக்கையில் சிறிய சமூகம் எதற்கும் இந்த ஆபத்து உண்டு.

2018 பொதுத் தேர்தலை இங்கே யாராவது நினைவூட்டாமல் இருக்க மாட்டார்கள். வாக்களிப்புக்கு முதல் நாள் மெர்டேக்கா மையம் தேசிய முன்னணிக்கு 100 இடம், நம்பிக்கைக் கூட்டணிக்கு 83, பாஸ் கட்சிக்கு 2, இழுபறி 37 என்று கணித்தது. தேசிய முன்னணிக்குக் கிடைத்தது 79, பாஸ் கட்சிக்கு 18. இதைக் கைத்தொலைபேசியின் தலையில் கட்டிவிடுவது சரியல்ல. மும்முனைப் போட்டியில் வாக்கு விழுக்காட்டை இடங்களாக மாற்றுவது தனிப் பெரும் பாடு, கடைசி வாரத்தில் மனம் மாறியவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் அரசு ஊழியர் ஒருவர், தன் எண்ணை எப்படியோ தெரிந்துவைத்திருக்கும் ஓர் அந்நியக் குரலிடம், எதிர்க்கட்சிக்குப் போடப்போகிறேன் என்று 2018 ஏப்ரலில் சொல்லியிருப்பாரா என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுத் தொலைபேசி குடும்பத்தின் பெயரில் இருந்தது. கைத்தொலைபேசி எண் உங்கள் அடையாள அட்டையோடு பதிவானது.

கணிப்பு நடத்தும் நிறுவனங்கள் எத்தனை பேரைக் கேட்டோம், எந்த நாட்களில் கேட்டோம் என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போடுகின்றன. நாளிதழில் அந்தப் பகுதிதான் இடம் போதாமல் முதலில் வெட்டப்படும். அடுத்த முறை "இந்தியர்களின் ஆதரவு சரிந்தது" என்று தலைப்பு வந்தால், எத்தனை இந்தியர்களைக் கேட்டார்கள், கைத்தொலைபேசியிலா வீட்டுத் தொலைபேசியிலா, எத்தனை பேரை அழைத்து எத்தனை பேர் எடுத்தார்கள், தமிழில் பேச ஆள் இருந்தாரா என்று தேடிப் பாருங்கள். அச்சில் இல்லாவிட்டால் ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள், இந்த நாளிதழாக இருந்தாலும்.